கடைசி விலையைக் காட்டிக்கொடுத்த ஃபில்டர்

அனுப்புநர்: நகைக்கடை உரிமையாளர், சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 3 நவம்பர் 2025

பொருள்: செப்டம்பர் 12 அன்று எங்கள் கடையில் பொருத்திய இரண்டு இருகாட்சி ஃபில்டர்களைக் கழற்றிக்கொண்டு 2,860 வெள்ளியைத் திருப்பித் தருவது பற்றி

அன்புடையீர்,

வணக்கம். உங்கள் விற்பனைப் பிரதிநிதி எங்களிடம் தமிழில் பேசித்தான் இதை விற்றார். புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். இதற்கு முன் ஆங்கிலத்தில் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களால் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் மாதம் அவர் கடைக்கு வந்தபோது கையில் ஒரு சாமி படம் கொண்டுவந்தார். இடப்பக்கம் சாய்த்தால் முருகன், வலப்பக்கம் சாய்த்தால் பிள்ளையார். தேக்காவில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அதே வரிவரியான பிளாஸ்டிக் படம்தான். "அண்ணே, இதே வேலையை உங்கள் கம்ப்யூட்டர் திரையில் செய்து தருகிறோம். ஒரே திரை, வாடிக்கையாளருக்கு நகையின் படம், உங்கள் ஆளுக்குக் கணக்கு. கண்ணாடி எதுவும் மாட்ட வேண்டாம்" என்றார். எங்களுக்கு அது சரியாகப் பொருந்தியது. கவுண்டரின் ஓரத்தில் இருக்கும் 23.8 அங்குலத் திரைக்கு ஒரு பக்கம் எங்கள் விற்பனையாளர் நிற்பார், மறுபக்கம் வாடிக்கையாளர் உட்காருவார். இரண்டு கவுண்டருக்கும் ஃபில்டர், மென்பொருள், பொருத்தும் கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 2,860 வெள்ளி. முழுப் பணத்தையும் அன்றே கட்டினேன்.

அந்தச் சாமி படத்தை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓர் இடத்தில் முருகன் முகத்தில் தும்பிக்கை முளைக்கும். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை மாலை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சனிக்கிழமை மாலை எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈசூனிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருந்தார். மூன்று பவுனில் ஒரு நெக்லஸ் பிடித்துப்போனது. செய்கூலி கிராமுக்கு 18 வெள்ளி என்று எங்கள் மூத்த விற்பனையாளர் சொன்னார். அவர் இருபது வருடமாக எங்களோடு இருக்கிறார், பேரத்தில் முகம் மாறாதவர். அந்த அம்மா திரையைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், கொஞ்சம் முன்னால் வந்தார். அப்புறம் நிதானமாக, "ஏன் தம்பி, இந்த ஓரத்துல மங்கலா பதினொண்ணுன்னு தெரியுதே, அது என்ன?" என்று கேட்டார்.

அது எங்கள் கடைசி விலை. அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று விற்பனையாளருக்கு மட்டும் காட்டும் எண். நெக்லஸ் படம் கறுப்பு வெல்வெட்டின் மேல் எடுத்தது. அந்தக் கறுப்பில் வெள்ளை எண் பேய் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. இருபது வருடத்தில் முதல் முறையாக எங்கள் ஆளின் முகம் மாறியதைப் பார்த்தேன். 24 கிராமுக்கு ஏழேழு வெள்ளியாக 168 வெள்ளி குறைத்துக்கொடுத்தோம். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், கண் முன்னால் தெரிந்ததைத்தான் படித்தார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு குடும்பங்களும் அதைக் கேட்டன. அன்று இரவு எத்தனை பேர் பதினொன்று என்று ஆரம்பித்தார்கள் என்பதை எண்ணிச் சொல்லி உங்களை வருத்தப்படுத்த விரும்பவில்லை.

உங்கள் முதல் பதில், திரையை ஏதாவது திரவம் போட்டுத் துடைத்தீர்களா என்று கேட்டது. துடைக்கவில்லை. அக்டோபர் 9ஆம் தேதி வந்த டெக்னீஷியன், திரையில் ஒட்டிய ஃபில்டர் ஃபிலிமின் நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கடையின் நடுவே போய் நின்று, "இங்கிருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. வாடிக்கையாளரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்" என்றார். நகை வாங்க வருபவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்வதற்கு இது என்ன கோவிட் காலமா? உட்காரும் நாற்காலியிலிருந்து திரைக்கு 70 சென்டிமீட்டர். அதை உங்கள் பிரதிநிதியே டேப் வைத்து அளந்து, ஆர்டர் தாளில் தன் கையால் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் அவர் போன பிறகு யோசித்தேன். தள்ளி நின்றால் ஏன் சரியாக இருக்கிறது? கிட்டே வந்தால் ஏன் நடுப்பகுதி மட்டும் சுத்தமாக இருந்து ஓரங்கள் கசிகின்றன? நகைத் தொழிலில் இருப்பவனுக்குச் சின்ன அளவுகள் புதிதல்ல. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை எடுத்துத் திரை மேல் வைத்தேன். என் தங்கை மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறான், அவனும் கூட உட்கார்ந்தான்.

லென்ஸில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஃபிலிமில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடுகள், அவற்றுக்கு இடையில் ஒளி வரும் கீற்றுகள். பின்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிக்சல் வரிசைகள். ஒரு வரிசை வாடிக்கையாளரின் படம், அடுத்த வரிசை எங்கள் கணக்கு, இப்படியே மாறி மாறி. வேலிச் சந்து வழியாக அடுத்த வீட்டைப் பார்ப்பது போலத்தான். இடப்பக்கம் நின்றால் சந்தில் ஒரு ஜன்னல் தெரியும், வலப்பக்கம் நகர்ந்தால் பக்கத்து ஜன்னல் தெரியும். இதற்குப் பாரலாக்ஸ் பேரியர் என்று பெயர். அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் ஐவ்ஸ் என்பவர் 1903ஆம் ஆண்டே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவர் இரண்டு கண்ணுக்கு இரண்டு படம் காட்டி ஆழம் தெரியவைத்தார், நீங்கள் இரண்டு ஆளுக்கு இரண்டு படம் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 2011இல் வந்த நின்டென்டோ 3டிஎஸ் விளையாட்டுக் கருவியின் மேல்திரையிலும் இதே தந்திரம்தான், என் தங்கை மகனிடம் பழையது ஒன்று இன்னும் இருக்கிறது. ஓட்டுநருக்கு வரைபடமும் பக்கத்தில் இருப்பவருக்குப் படமும் காட்டும் திரையை ஷார்ப் நிறுவனம் 2005இலேயே வெளியிட்டுவிட்டது. ஆகவே, "இது புதிய தொழில்நுட்பம், சிறு குறைகள் இருக்கும்" என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் எழுதியதை ஏற்க முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. திரையின் அகலம் 527 மில்லிமீட்டர், அதில் 1920 பிக்சல். ஒரு பிக்சல் 0.2745 மில்லிமீட்டர், இரண்டு சேர்ந்தால் 0.549. நீங்கள் கொடுத்த ஃபிலிமின் உறையிலும் கீற்றுக்குக் கீற்று 0.549 என்றே அச்சாகியிருக்கிறது. கேட்க மிகச் சரியாக இருக்கிறது, அல்லவா? அதுதான் தப்பு. ஃபிலிம் பிக்சலின் மேல் நேராக ஒட்டவில்லை, இடையில் கண்ணாடி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பார்வை திரையின் ஒரு ஓரத்துக்கு ஒரு சாய்விலும் மறு ஓரத்துக்கு வேறு சாய்விலும் போகிறது. அந்தச் சாய்வை ஈடுகட்ட, கீற்றுகளின் இடைவெளி இரண்டு பிக்சலைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பதைப் பார்க்கும் தூரம்தான் தீர்மானிக்கிறது. 70 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால், மொத்த அகலத்திலும் சேர்த்துக் கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத வித்தியாசம். ஆனால் ஒரு பிக்சலே ஏறக்குறைய அந்த அளவுதானே. கால் மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம், கல் பதிக்கும் ஆசாரியிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

சரியான ஃபிலிமாக இருந்தால், லென்ஸை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை நகர்த்தும்போது கீற்றுகள் பிக்சலைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போவது தெரிய வேண்டும். எங்கள் ஃபிலிமில் இடது ஓரத்திலும் இரண்டு பிக்சல் சேரும் இடத்துக்கு நேர் மேலே கீற்று, நடுவிலும் அப்படி, வலது ஓரத்திலும் அப்படி. அதாவது எங்கேயோ வெகுதூரத்தில் நிற்பவருக்காகச் செய்த ஃபிலிம் இது. எங்கள் கவுண்டருக்குச் செய்ததாகச் சொல்லி விற்றிருக்கிறீர்கள். டெக்னீஷியன் கடை நடுவே நின்றபோது சுத்தமாகத் தெரிந்ததன் ரகசியமும் இதுதான்.

விலைக் கட்டத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றச் சொன்னீர்கள். மாற்றினோம். ஒருவர் அசையாமல் உட்கார்ந்தால் சரி. ஆனால் நகை பார்ப்பவர் குனிவார், சாய்வார், மகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். எங்கள் ஆளின் பக்கமாகத் தலையை நீட்டினால் எங்கள் படம் தெரியத்தான் செய்யும். இதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, இந்த முறைக்கே உள்ள எல்லை அது. ஓரக் கசிவுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

விளம்பரத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "வெளிச்சம் துளியும் குறையாது" என்று போட்டிருக்கிறீர்கள். சாமி படத்தில் இருப்பது போன்ற லென்ஸ் வரிகள் என்றால் அதை நம்பலாம், அவை ஒளியைத் தடுப்பதில்லை, திசைதான் திருப்புகின்றன. நீங்கள் ஒட்டியது கறுப்புக் கோடு. கோடு கீற்றைவிட அகலமாக இருப்பதை லென்ஸில் பார்த்தோம். பாதிக்கு மேல் ஒளி கோட்டிலேயே நின்றுவிடுகிறது. எங்கள் கடை விளக்குக்கு முன்னால் அந்தத் திரையில் 916 தங்கம் பித்தளை மாதிரித் தெரிகிறது.

எழுத்தும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் குறுக்குவாட்டில் 960 பிக்சல்தான் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் மென்பொருள் ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அப்படியே தூக்கி எறிகிறது. ஆங்கில எழுத்து ஓரளவு பிழைக்கிறது. தமிழில் புள்ளி காணாமல் போகிறது, ண-வின் சுழி ஒன்று குறைகிறது. "கம்மல்" என்பது "கமமல" ஆகிவிட்டது. "முத்துமணி மாலை" என்று அடித்தால் "மனி" என்று வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கிச் சமாளித்தோம், அதைப் பெரிதாகப் பேசவில்லை.

எனக்கு மாற்று ஃபிலிம் வேண்டாம். தீபாவளி முடிந்துவிட்டது, நம்பிக்கையும் போய்விட்டது. அக்டோபர் 10 முதல் இரண்டு திரையையும் அணைத்துவைத்திருக்கிறோம். அப்பா காலத்தில் சீட்டில் எண்ணுக்குப் பதில் எழுத்து போட்டுக் கடைசி விலையைக் குறித்துவைப்பார்கள், பத்து எண்ணுக்குப் பத்து எழுத்து. இப்போது அதையே திரும்ப ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடிக்கவில்லை.

2,860 வெள்ளியை முழுதாகத் திருப்பித் தாருங்கள். அந்த 168 வெள்ளியைக் கேட்கவில்லை, அது எங்கள் கடைக் கணக்கு. 2012இல் வந்த எலுமிச்சைச் சட்டம் (குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் சட்டம்) தனிப்பட்ட வாடிக்கையாளருக்குத்தான், கடைக்காரனுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும், அதை உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் நினைவூட்டவும் செய்தார். நன்றி. ஆனால் எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவாவிட்டால், விற்றவர் பொறுப்பு என்பது விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கைக் கடைக்காரனும் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு. நவம்பர் 17க்குள் பதில் வராவிட்டால் போடுவேன். 70 சென்டிமீட்டர் என்று எழுதிய உங்கள் ஆர்டர் தாள்தான் என் முதல் ஆவணம்.

ஃபிலிமைக் கழற்ற ஆள் அனுப்பும்போது, பசையை எடுக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள். அது திரையின் போலரைசர் (ஒளியை வடிகட்டும் மேல்தாள்) மேல் நேரடியாக ஒட்டியிருக்கிறது, இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும், அப்புறம் இரண்டு திரைக்கும் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். செவ்வாய் அல்லது புதன், காலை பத்தரைக்குள் வந்தால் நல்லது. பதினொரு மணிக்கு மேல் கவுண்டரைக் காலி செய்து தர முடியாது.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஆர்டர் தாள் நகல், ஃபிலிம் உறையின் படம், லென்ஸ் வழியாகக் கைத்தொலைபேசியில் எடுத்த மூன்று படங்கள் (இடது ஓரம், நடு, வலது ஓரம்)