மூன்று அட்டையும் ஒரு டின் புளியங்கொட்டையும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

டேய் மொட்டை,

ஆறு மாசமாக எழுதவில்லையென்று திட்டாதே, நீயும்தான் எழுதவில்லை. இங்கே எல்லாரும் நலம், என் முட்டியைத் தவிர.

நான் ஒரு விளையாட்டு செய்திருக்கிறேன். நாள்காட்டி அட்டையை வெட்டி 1, 2, 3 என்று மூன்றே சீட்டு. காசுக்குப் பதில் புளியங்கொட்டை. ஆளுக்கொரு கொட்டை நடுவில் வைத்து ஆளுக்கொரு சீட்டு எடுக்கணும். மூன்றாவது கவிழ்ந்தே கிடக்கும். முதல் ஆள் இன்னொரு கொட்டை ஏற்றலாம், சும்மாவும் விடலாம். சும்மா விட்டால் அடுத்தவன் ஏற்றலாம். ஒருவன் ஏற்றினால் மற்றவன் ஈடு கட்டணும், இல்லையா, சீட்டைப் போட்டுவிட்டு ஓடணும். ஓடாவிட்டால் பெரிய சீட்டுக்கே எல்லாம்.

இவ்வளவுதானா என்று சிரிக்காதே. கையில் 2 இருந்தால் என்ன செய்வாய்? ஏற்றுவாய், உன் அவசரம் எனக்குத் தெரியாதா! 3 வைத்திருப்பவன் விடமாட்டான், 1 வைத்திருப்பவன் ஓடிவிடுவான். உனக்கு லாபமே இல்லை. பெரிய சீட்டு இருப்பதுபோல் ஏற்றிப் பொய் சொல்வதென்றால் 1-ஐ வைத்துத்தான் சொல்லணும். இது பிடிபட எனக்கு நான்கு இரவு ஆனது.

சரி, எத்தனை தடவை சொல்வது? எப்போதும் சொன்னால் 2 வைத்திருப்பவன் விடாமல் ஈடு கட்டுவான். சொல்லவே இல்லையென்றால் உன் 3-க்கு ஒருவனும் கொட்டை தரமாட்டான். எதிராளி சும்மா விட்ட பிறகு, மூன்று தடவை 1 வந்தால் ஒரு தடவை மட்டும் பொய். அப்போது 2 வைத்திருப்பவனுக்கு ஈடு கட்டினாலும் ஓடினாலும் ஒன்றுதான். நெட்டையன் பெண் பார்க்கப் போன அன்று மாதிரி முழிப்பான்.

நானே கண்டுபிடித்தேன் என்று குதித்தேன். மகள் கைப்பேசியைத் தட்டிவிட்டு, "அப்பா, ஹரால்ட் கூன்னு ஒரு கணித அறிஞர் இதை 1950லேயே எழுதிட்டார்" என்றாள். இருவரும் சரியாக ஆடினால், முதலில் ஆடுகிறவனுக்குச் சராசரியாக 18 ஆட்டத்துக்கு ஒரு கொட்டை நஷ்டமாம். நான் தோற்றதற்கு ஒரு சாக்காவது கிடைத்தது.

சீட்டு என்ற சொல்லை உனக்கு எழுத இரண்டு நாள் தயங்கினேன். சம்பள நாள் ராத்திரி தோட்டத்து லயத்துக் கோடியில் உங்கப்பா உட்கார்ந்திருந்ததும், மறுநாள் நீ அரிசிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்றதும் மறக்குமா? அதனால்தான் காசே கூடாதென்று வைத்தேன். அம்மாகூட முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது எல்லார் கொட்டையையும் அவள்தான் அள்ளுகிறாள். 1 வந்தாலும் 3 வந்தாலும் அதே வெற்றிலை மெல்லும் முகம்.

மூன்று பேர் ஆட 4 என்று இன்னொரு அட்டை வெட்டினேன். அங்கேதான் இடிக்கிறது. ஒருவன் ஏற்றினால் மற்ற இருவரும் 'நீ பிடியேன்' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருவருமே ஓடிவிடுகிறார்கள். பொய்க்காரனுக்குக் கொண்டாட்டம். இதைச் சரிசெய்ய நீ வேணும். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். மனசுக்கு ஒப்பவில்லையென்றால் சொல்லிவிடு, கேரம் பலகை இன்னும் இருக்கிறது.

அம்மாவுக்கு ஜாதிக்காய் ஊறல் வாங்கி வா, போன தடவை மாதிரி வழியிலேயே தின்றுவிடாதே.

உன்
கட்டையன்