பாப்பாவின் வலது கைக்காக ஒரு நன்றி மடல்

புது வண்ணாரப்பேட்டை

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். பாப்பாவுக்குக் கடைசிக் கட்டும் பிரித்தாயிற்று. பிறக்கும்போதே ஒட்டியிருந்த விரல்கள் இப்போது நடுவிரல் தனி, மோதிரவிரல் தனி. ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நின்று சொல்ல வேண்டிய சேதி இது. ஆனால் அவருக்கு ஷேர் ஆட்டோ சவாரி, எனக்கு எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கான தையல், பாப்பாவுக்குக் கைப்பயிற்சி என்று பொழுது போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. "இதுக்கெல்லாம் எதுக்கும்மா பேரு" என்று சண்டைக்கு வருகிற ஆட்கள் நீங்கள்.

முதல் நன்றி, ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பாப்பா பிறந்த அன்று பணியில் இருந்த சிஸ்டருக்கு. குழந்தையின் இரண்டு விரல்கள் நுனிவரை ஒட்டியிருப்பதைப் பார்த்ததும், என்னைப் பார்க்க வந்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "கிரகணத்தப்ப கத்திரிக்கோலைத் தொட்டியா?" என்பதுதான். தையல்காரியிடம் இப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? கத்திரிக்கோலைத் தொடாத நாளே எனக்குக் கிடையாது. அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் அந்த சிஸ்டர் உட்கார்ந்து விளக்கினார். கருவில் கை முதலில் தட்டையாகத்தான் உருவாகுமாம். விரல்களுக்கு நடுவே உள்ள சதை ஏழெட்டு வாரத்துக்குள் தானாகக் கரைந்து விரல்கள் பிரியுமாம். சில குழந்தைகளுக்கு அது முழுசாக நடக்காமல் நின்றுவிடும். ஏறத்தாழ 2,000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது, சில குடும்பங்களில் தலைமுறையாகவும் வரும் என்றார். "உன் கத்திரிக்கோலு மேல கேஸு இல்லம்மா, தூங்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அப்புறம் ஸ்டான்லி. எங்கள் மாமியாருக்கு அது இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். மணியக்காரர் சத்திரத்தில் பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்தது என்பதால் அந்தப் பெயர். பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக்கென்றே தனிப் பிரிவைத் தொடங்கி வளர்த்தார் என்பது பாப்பாவைக் கொண்டுபோன பிறகுதான் எனக்குத் தெரியும். நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதை நம்மில் பாதிப் பேர் அறியாமல், கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறோம்.

டாக்டர் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? பாப்பாவின் கையில் நீங்கள் பேனாவால் போட்ட கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது. நேராக ஒரே வெட்டாக வெட்டினால் ஆகாதா என்று கேட்டேன். நேர்க்கோட்டில் வெட்டினால் தழும்பு சுருங்கும்போது விரலை வளைத்து இழுத்துவிடும், அதனால்தான் இப்படி வளைத்து வளைத்து வெட்டுகிறோம் என்றீர்கள். ஒட்டியிருக்கும் இரண்டு விரலைச் சுற்றியுள்ள தோல், பிரிந்த இரண்டு விரலை மூடப் போதாது, தொடை இடுக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும் என்றீர்கள். "துணி பத்தல, ஒட்டுப் போடணும், அதானே சார்?" என்றேன். நீங்கள் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற மாணவர்களிடம், "பாருங்க, அம்மா ஒரு வரியில சொல்லிட்டாங்க" என்றீர்கள். அந்த நிமிடமே பயத்தில் பாதி போய்விட்டது. படித்தவர்கள் எங்களை மதித்து விளக்கிச் சொல்வது மருந்தைவிட முதலில் வேலை செய்கிறது, சார்.

சளி பிடித்து ஒரு முறை தேதி தள்ளிப்போனது. மயக்க மருந்து கொடுக்கும்போது சளி இருந்தால் மூச்சுக்கு ஆபத்து என்று மயக்க மருந்து டாக்டரம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது கும்பிடுகிறேன். ஆபரேஷன் அன்று திட உணவை ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியுமா? "பன்னு, பன்னு" என்று கத்தியவளை, வார்டில் இருந்த மற்ற அம்மாக்கள் தங்கள் சாப்பாட்டைத் திறக்காமல் வெளியே எடுத்துப்போய்ச் சாப்பிட்டுக் காப்பாற்றினீர்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

இரவுப் பணி சிஸ்டர், கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியில் நகத்தை அழுத்தி விடச் சொல்லிக் கொடுத்தீர்களே, வெளுத்து உடனே சிவந்தால் ரத்த ஓட்டம் சரி என்று. பாப்பா இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருடைய நகத்தையும் அழுத்திப் பார்த்து, "சரி, போ" என்று அனுப்புகிறாள்.

இடுப்போடு கை தைக்கப்பட்டிருந்த அண்ணனுக்கு ஒரு தனி நன்றி. பிரஸ் மிஷினில் கை நசுங்கி, இடுப்புத் தோலோடு கையைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தோல் கையில் பிடித்து உயிர் பெறும்வரை சில வாரம் அப்படியே இருக்க வேண்டும். ஓ.பி.யில் எங்களுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாப்பாவின் கட்டைப் பார்த்து ரொம்ப மரியாதையாக, "மேடம் எந்தக் கம்பெனி? எத்தனை டன் மிஷினு?" என்று கேட்டார். பாப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கம்மா மிஷினு" என்றாள். நீளமான பெஞ்சு முழுக்க, கட்டுப் போட்ட கைகளோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு பிசியோதெரபியிலும் அவரைப் பார்த்தோம். பாப்பா விரலை மடக்க மாட்டேன் என்று அழுதால், அவர் தன் புதுக் கையைக் காட்டி, "நான் ஒண்ணு, நீ ஒண்ணு" என்று பந்தயம் கட்டுவார். தனக்கு வலித்ததை அவர் காட்டிக்கொண்டதே இல்லை. அண்ணே, உங்கள் வேலை திரும்பக் கிடைத்ததா? தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. சின்னக் குழந்தைகள் கட்டை உருவிப் போட்டுவிடும் என்று முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. எந்தச் சட்டையும் நுழையவில்லை. தோளில் திறந்து பட்டன் போடுகிற மாதிரி கவுன் தைத்தேன். அதைப் பார்த்து வார்டில் இருந்த இன்னும் சில அம்மாக்கள் கேட்டார்கள், அவர்களுக்கும் தைத்துக் கொடுத்தேன். அந்தத் துணிக்குக் காசு வாங்காத கடைக்காரர் பாய்க்கும் இந்த மடலில் இடம் உண்டு.

மாடி வீட்டுப் பர்மா பாட்டி, வெயிலில் கட்டுக்குள் அரிக்கிறது என்று பாப்பா துடித்தபோது, மதியம் முழுக்க விசிறியோடு உட்கார்ந்து, பேஜோ என்கிற மொறுமொறு பர்மா பலகாரத்தை நொறுக்கிக் கொடுத்தவர் நீங்கள். பாதி நொறுக்கல் கட்டுக்குள்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் என் குடத்தையும் சேர்த்து நிரப்பி வைத்த பக்கத்து வீட்டு அக்கா, மாவுக்கட்டில் ஸ்கெட்ச் பேனாவால் விசைப்படகும் வஞ்சிர மீனும் வரைந்த காசிமேட்டு அண்ணன் பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி.

பால்வாடி டீச்சர் செய்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டோடு போன முதல் நாள் பாப்பா இடது கையால் சாதம் எடுத்தாள். "ஐயே, பீச்சாங்கை" என்று ஒரு பையன் கத்த, அவள் தட்டைத் தள்ளிவிட்டாளாம். டீச்சர் அவனைத் திட்டவில்லை. "இன்னைக்கு எல்லாருமே இந்தக் கையாலதான் சாப்பிடப் போறோம்" என்று சொல்லித் தானும் இடது கையால் சாப்பிட்டிருக்கிறார். சாதம் தரையெல்லாம். கூட்டிப் பெருக்கிய ஆயாம்மாவும் முணுமுணுக்கவில்லை. எத்தனை அறிவுரை வந்தாலும் இந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாகாது.

கட்டுப் பிரித்த பிறகு தழும்பில் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்ப்பது, மாவு பிசைவது, பட்டன் பொறுக்குவது என்று பயிற்சிகள். பிசியோதெரபி மேடம் விலைக்கு எதையும் வாங்கச் சொல்லவில்லை. "உங்க பட்டன் டப்பாவே போதும்" என்றார். புண் நன்றாக ஆறியதும் தெருமுனை கேரம் கிளப் தம்பிகள் பாப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து ஸ்ட்ரைக்கரைக் கொடுத்தார்கள். பிரிந்த நடுவிரலைத் தனியாக நீட்டிச் சுண்ட அதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா? 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா நம் பேட்டைப் பெண் என்பதால், தம்பிகள் இப்போதே பாப்பாவுக்கும் ஒரு கோப்பைக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். சிவப்புக் காயை வாயில் போடாமல் இருந்தால் சரி.

வளர வளர விரலிடுக்குத் தோல் கொஞ்சம் மேலேறலாம், தேவைப்பட்டால் இன்னொரு சின்ன ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வந்தால் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எல்லாம் எங்கே போய்விடப் போகிறீர்கள்?

வார்டு ஆயாம்மா, உங்கள் டிபன் கேரியர் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஓ.பி.க்கு வரும்போது கொண்டுவருகிறேன், தேடாதீர்கள்.

நன்றியுடன்,
பாப்பாவின் அம்மா