ஆரம் யாருடையது? நகைக்கடன் தரும் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நகைக்கடன் தரும் வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர்களுக்கும் வணக்கம்.

ஒரு வங்கிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருடம் ஆகிறது. அந்தக் கவுன்ட்டருக்குப் போகும் ஆதாரும் பான் கார்டும் பெரும்பாலும் என் மெஷினைத் தாண்டித்தான் போகும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் வைக்கிற கூட்டம், ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் மீட்கிற கூட்டம். கணவன் மனைவியாக வருபவர்கள் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசியபடி உட்கார்ந்திருப்பார்கள். தனியாக வரும் ஆண்களில் சிலரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கர்ச்சீப்பில் சுற்றியது பேன்ட் பாக்கெட்டில் புடைத்துக்கொண்டிருக்கும், கை அதன்மேலேயே இருக்கும், போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரரும் ஒருநாள் அப்படிப் போனவர்தான். என் கண்ணில் படக்கூடாது என்று பக்கத்து ஊர்க் கிளைக்கு.

2019-ல் தங்கச்சி வளைகாப்புக்குக் கிளம்பும்போது பீரோவைத் திறந்தேன். சிவப்பு வெல்வெட் பெட்டி இருந்தது. உள்ளே ஆரம் அழுந்தியிருந்த பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. அம்மா போட்ட ஐந்து பவுன். வாசலில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலே "பேங்க்ல இருக்கு" என்றார். நாத்தனார் வீட்டுக்காரரின் ஆபரேஷனுக்காக வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே" என்று கத்தினேன். உண்மையிலேயே கொடுத்திருப்பேனா என்று எனக்கே இன்றுவரை நிச்சயமில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும் போல.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி, ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று டிவியில் சொன்னதும் உளுந்து டப்பாவிலிருந்து என் சிறுவாடு வெளியே வந்தது, பதினேழு ஐநூறு ரூபாய்த் தாள். அந்த ராத்திரி எத்தனை வீட்டில் எத்தனை டப்பா திறந்ததோ! அவர் எண்ணிப் பார்த்து 8,500 என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்து வளைகாப்பு அன்றைக்கு எடுத்தார்: "நீ மட்டும் சொன்னியா?"

இது உங்கள் வீட்டுச் சண்டை, எங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேரளத்துத் தம்பதி ஒருவரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2003-ல் நடந்த கல்யாணம். பெண் வீட்டில் போட்ட 89 பவுனை முதலிரவன்றே கணவர் வாங்கித் தன் அம்மாவிடம் பத்திரமாக வைக்கக் கொடுத்தாராம். அது பழைய கடன்களை அடைக்கப் போய்விட்டது. சீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம், கணவருக்கு அதில் பாத்தியதை இல்லை, கஷ்டத்துக்கு எடுத்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லி 25 லட்சம் கொடுக்க வைத்தது கோர்ட். நகை போன வேகமும் நியாயம் வந்த வேகமும் பாருங்கள், ஒரு ராத்திரி, இருபத்தோரு வருடம்.

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளிலும் நகை யாருக்குச் சொந்தம் என்று சரிபார்த்துப் பதிவு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பில் இல்லாவிட்டால் எழுதி வாங்க வேண்டும். நடப்பது என்ன? ஜிமிக்கியும் ஆரமும் கொண்டுவந்த ஆம்பிளை, 'இவை என் சொந்த நகைகள்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார். அப்ரைசர் உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்கிறார், கல்லுக்கு எடை கழிக்கிறார். அரக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறவர் ஜிமிக்கி யார் காதில் தொங்கும் என்று கேட்பதில்லை. அதே விதிகளின்படி, கடன் முடிந்து ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தராமல் வங்கி தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. அதுவும் கடன் வாங்கியவருக்குத்தான். நகைக்காரியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையே.

கூட்டுறவுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2021-ல் நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது குடும்பத்துக்கு 40 கிராம், அதாவது ஐந்து பவுன் என்று கணக்கு வைத்தீர்கள். ரேஷன் கார்டையும் ஆதாரையும் வைத்து, ஒரே வீட்டில் யார் யார் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தீர்கள். நான் ஜெராக்ஸ் எடுத்து எடுத்து டோனர் தீர்ந்தது. தள்ளுபடியின்போது கண்ணுக்குத் தெரிந்த குடும்பம், அடகு வாங்கும்போது மட்டும் எங்கே போகிறது?

நான் கேட்பது சின்ன விஷயம். நகை மனைவியுடையது என்றால் அவர் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்க விண்ணப்பத்தில் ஒரு கட்டம். வைத்த அன்றைக்கும், ஏலத்துக்குப் போகும் முன்னாலும் அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ். படிவம் தலைமை அலுவலகத்திலிருந்து வருவது, நீங்கள் மாற்ற முடியாது என்று தெரியும். "வீட்ல தெரியுமா?" என்று கேட்கப் படிவம் வேண்டாமே.

ஒன்று, இதையே சாக்காக வைத்துத் தனியாக வரும் பெண்களிடம் புருஷன் கையெழுத்தைக் கேட்க ஆரம்பித்துவிடாதீர்கள். குடிக்கிறவன் கையில் சிக்கக்கூடாது என்றே நகையைக் கொண்டுவந்து உங்களிடம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டிதான் லாக்கர் வாடகை.

எங்கள் ஆரம் பதினாலு மாதம் கழித்து வந்தது. இப்போது பீரோ சாவி ஆணியில் தொங்குகிறது. சிறுவாடும் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது.

நான் என் கடையில் கேட்க ஆரம்பித்துவிட்டேன். "நகைக்கடனுக்கா அண்ணா? அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். போன மாதம் ஒருத்தர் பதில் சொல்லாமல் போய் வேப்பமரத்தடியில் நின்று ரொம்ப நேரம் போன் பேசினார். திரும்பி வந்து ஆதார் நகலை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆரம் வேண்டாமாம்மா. வளையலை வைக்கச் சொல்றா" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இப்படிக்கு,
எதிர்க்கடை ஜெராக்ஸ்காரி