பென்சிலுக்கு அப்புறம் கணினி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் வரைபடம் படிக்கும் பிள்ளைகள் ஏன் இப்படித் திணறுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். ஜூரோங்கில் பட்டறை வேலையில் இருப்பவன் நான், கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கணினி தெரியாமல் இல்லை. சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரு பாகத்தை உருவாக்கிவிட்டால் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எல்லாவற்றையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும், மனத்துக்குள் எதையும் திருப்பிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. ஆனால் அந்த மூன்று தோற்றங்களைத் தாளில் கொடுத்து, பொருள் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். மறைந்திருக்கும் விளிம்பைக் காட்ட விட்டுவிட்டுப் போகும் கோடு உள்ளே இருக்கும் துளையா, பின்பக்கத்துப் பள்ளமா? பட்டறையில் நாள் முழுக்க எங்களுக்கு இந்த வாசிப்புதான் வேலை.

சிங்கப்பூரில் இன்னொரு தொல்லையும் உண்டு. இங்கே பல நாட்டு வரைபடங்களும் வரும், தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கா, ஜப்பான் என்றால் பெரும்பாலும் மூன்றாம் கோண முறை, மேல்தோற்றம் முன்தோற்றத்துக்கு மேலேயே இருக்கும். ஜெர்மனியிலிருந்து வந்தால் பெரும்பாலும் முதல் கோண முறை, மேல்தோற்றம் கீழே இறங்கிவிடும், வலப்பக்கத் தோற்றம் இடது கைப்பக்கம் போய்விடும் (தமிழ்நாட்டில் படித்து வருபவர்களுக்கு இதுதான் பழக்கம்). எந்த முறை என்று தாளில் இருக்கும் நுனி வெட்டிய கூம்புக் குறியீடு சொல்லிவிடும், அதை முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம்தான் பலரிடம் இல்லை. கவனிக்காமல் செய்தால் பாகம் இடவலம் மாறி வந்து நிற்கும், அந்த உலோகம் குப்பைக்குத்தான்.

இதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியர், பொருளை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் இந்தத் திறனில் பின்தங்கிய முதலாண்டு மாணவர்களுக்கு 1990களிலேயே தனி வகுப்பு நடத்தி, கட்டைகளைக் கையில் கொடுத்து, பென்சிலால் வரையவும் வைத்து முன்னேற்றம் காட்டினார்.

இங்கும் முதல் சில வாரங்களுக்கு மென்பொருளைத் திறக்காமல் தாளும் பென்சிலும் கொடுக்கலாம். மதிப்பெண்ணிலும் ஒரு பங்கை, தோற்றங்களைப் பார்த்துப் பொருளைக் கையால் வரைவதற்கு ஒதுக்கவேண்டும், இல்லாவிட்டால் யாரும் அதைச் சீண்டமாட்டார்கள். கணக்குக்கு டியூஷன் தேடி அலையும் பெற்றோர், வீட்டில் ஒரு சோப்புக்கட்டியை மூலையில் வெட்டி மேசையில் வைத்து, மூன்று பக்கமும் வரையச் சொன்னாலே போதும், அதற்குக் கட்டணமும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்