பதினேழு வயதுத் தாய்மாமன்

ஈசூன், சிங்கப்பூர்
நவம்பர் 2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்களாகின்றன. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீ கைத்தடி இல்லாமல் ஈப்போ சந்தைக்கு நடந்து போய்வருகிறாய் என்ற வரியை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். உடனே பதில் எழுதாததற்குக் காரணம், கடிதத்தின் கடைசியில் நீ கேட்டிருந்த கேள்விதான். "ஒரு விளையாட்டுப் பையன் தோளில் மூன்று வயதுக் குழந்தையை ஏற்றிவிட்டுப் பெரியவர்கள் நீங்களெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தாய். வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நீ கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

2022-ஆம் ஆண்டு நடுப்பகுதியில் என் தங்கையின் மகள் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இரண்டே நாளில் போய்விட்டாள் என்பது உனக்குத் தெரியும். குழந்தையின் தகப்பன் அதற்கு முன்பே பிரிந்து தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டான். அவனைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மைத்துனரும் இல்லாத அந்த வீட்டில் மீதம் இருந்தவர்கள், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்து படுத்துக்கொள்ளும் என் தங்கையும், அவளுடைய கடைசிப் பிள்ளையும்தான். அவனுக்கு அப்போது 17 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. காற்பந்து, நண்பர்கள், நள்ளிரவுவரை கைப்பேசி, காலையில் அம்மா மூன்று முறை எழுப்பினால்தான் எழுவது என்று இருந்தவன். செல்லப்பிள்ளை என்றால் அப்படி ஒரு செல்லப்பிள்ளை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு நாங்கள் பெரியவர்கள் எட்டுப் பேர் கூடத்தில் உட்கார்ந்து, குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று பேசினோம். பினாங்கில் பிள்ளையில்லாத உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். என் மாமியார் அப்போது படுத்த படுக்கையாக இருந்தார், நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கவில்லை. இந்த இரண்டையும் காரணமாகச் சொல்லி, சில மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று நான் இழுத்தேன். பேச்சு கொஞ்சம் உரத்துப் போயிற்று. அப்போது அறைக்கதவு திறந்தது. தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு அவன் நின்றான். "மெதுவாகப் பேசுங்கள் மாமா, இப்போதுதான் தூங்கினாள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். நண்பா, அன்றைக்கு முடிவு என்று எதையும் நாங்கள் எடுக்கவில்லை. அவன் கதவைச் சாத்தியதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். பிறகு சட்டப்படி என் தங்கை காப்பாளரானாள். குழந்தையை வளர்த்தவன் அவன்.

அவன் எப்படி வளர்த்தான் என்பதைச் சொன்னால்தான் உன் கேள்விக்குப் பாதிப் பதில் வரும். தாய் போன பிறகு பாப்பா சாப்பிடுவதை அறவே நிறுத்திவிட்டாள். பேச்சும் குறைந்துவிட்டது. நாங்கள் போகும்போதெல்லாம் அவளைப் பார்த்து அழுவோம். மடியில் வைத்துக்கொண்டு, தாயில்லாப் பிள்ளை என்று ஒப்பாரி வைப்போம். அவள் இன்னும் சுருண்டுகொள்வாள். இவன் என்ன செய்தான் தெரியுமா? பருப்புச் சோற்றைச் சிறு சிறு உருண்டையாகப் பிடித்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான். அதுதான் பந்து, அவள் வாய்தான் கோல் கம்பம். தொலைக்காட்சி வர்ணனையாளர்களைப் போல மூச்சுவிடாமல் சத்தம் போட்டு, தடுப்பாட்டக்காரர் ஒருவரைத் தாண்டிவிட்டார், இதோ இரண்டாமவரையும் தாண்டிவிட்டார் என்று சோற்றுருண்டையை அவள் முகத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வருவான். துக்க வீட்டில் இது என்ன கூத்து என்று என் தங்கை முதல் நாள் அவனைத் திட்டினாள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ அறையில் படுத்திருந்தவள், வாய் நிறையச் சோற்றோடு அந்தக் குழந்தை "கோல்!" என்று கத்தியதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து அழுதாளாம்.

எந்த விளையாட்டுத்தனத்துக்காக அவனை வாய் ஓயாமல் கண்டித்தோமோ, அதுதான் அந்தப் பிள்ளையை மீட்டது. பொறுப்பு வந்தால் விளையாட்டுப் போய்விடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். எங்களில் யாருக்காவது அந்தப் பொறுப்பு வந்திருந்தால் நேரத்துக்குச் சோறும் துணியும் கொடுத்து, கூடவே எங்கள் துக்கத்தையும் ஊட்டி வளர்த்திருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்றதெல்லாம் அவன் கற்றுக்கொண்டதுதான். தலை பின்னத் தெரியாமல், தன் காற்பந்துக் காலணியின் கயிறுகளில் மூன்றை எடுத்து வாசல் இரும்புக் கதவுக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு, ஒரு வார காலம் போகும்போதும் வரும்போதும் பின்னிப் பார்த்தான். நான் ஒருநாள் போனபோது அந்தக் கயிற்றுப் பின்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியில் பாப்பாவின் சிவப்பு ரிப்பன்கூட இருந்தது. அவளுக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுக்கும்போது அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காரும் விதத்தைப் பார்த்தால், சிறு வயதில் அவனுக்கு அப்படியே தலைவாரிவிட்ட என் தங்கை மகள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறாள்.

ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இவனைப் பார்த்ததும், உன் அங்கிள் வந்துவிட்டார் என்று பாப்பாவை அழைப்பார்கள். இந்த ஊரில் டாக்சி ஓட்டுபவரும் அங்கிள், காப்பிக்கடையில் தேநீர் ஆற்றுபவரும் அங்கிள், மின்தூக்கியில் முன்பின் தெரியாமல் நிற்பவரும் அங்கிள்தான். இவன் போய் அந்தச் சீன ஆசிரியையிடம், "அங்கிள் அல்ல, மாமா. அவளுடைய அம்மாவோடு பிறந்தவன்" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். இப்போது அங்கே எல்லாரும் அவனை மாமா என்றே கூப்பிடுகிறார்கள்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஏனென்றால் இறந்துபோன பெண்ணுக்கு நான்தான் தாய்மாமன். அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டேன், சடங்கின்போது மாலை போட்டுக்கொண்டு பட்டுப்புடவையும் தட்டும் கொடுத்தேன், திருமணத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமன் கடமை அத்தோடு முடிந்தது என்றிருந்தேன். பாப்பாவுக்கு நாலு வயதில் கோயிலில் காது குத்தினார்கள். மோட்டார் சைக்கிள் உரிமம் எடுப்பதற்காகப் பகுதி நேர வேலை செய்து சேர்த்திருந்த பணத்தில் சிராங்கூன் சாலைக்குப் போய் ஒரு சோடி சிறிய தோடு வாங்கி வந்திருந்தான். அவளைத் தன் மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, ஊசி பட்ட நேரத்தில் அவன்தான் கண்ணை மூடிக்கொண்டான்.

இனி மீதிப் பாதிப் பதில். அவன் இழந்தவை உண்டு, நான் மறைக்கவில்லை. பராமரிப்பு நிலையம் காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஏழு மணிக்கு மூடும். ஒருநாள் ஆட்டம் முடிந்து ஓடிவர ஏழு இருபது ஆகிவிட்டது. விளக்குகள் பாதி அணைந்த வாசலில், முதுகில் பையை மாட்டியபடி பாப்பா அழாமல் உட்கார்ந்திருந்தாளாம். அழாமல் இருந்ததுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னான். மறுநாள் கல்லூரிக் குழுவிலிருந்து பெயரை எடுத்துவிட்டான். அடுத்த ஆண்டு அவளுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்து, மருத்துவர் ஒரு வாரத்துக்கு மேல் நிலையத்துக்கு அனுப்பக் கூடாது என்றபோது, அதே வாரத்தில் இருந்த தேர்வுகளுக்கு அவன் போகவில்லை. எங்களில் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. அதனால்தான் மூன்று ஆண்டுப் படிப்பு மூன்றரை ஆண்டாயிற்று. இதற்கெல்லாம் நான் ஒரு தொலைபேசி அழைப்புத் தூரத்தில்தான் இருந்தேன். அவன் கேட்கவில்லை என்பதை இத்தனை நாள் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். 17 வயதுப் பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருந்தது என் தவறு.

அவனுடைய நண்பர்கள் எங்களைவிட மேல். ஒரு மலாய்ப் பையனும் இரண்டு சீனப் பையன்களுமாகச் சேர்ந்து, இவன் வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று சனிக்கிழமை ஆட்டத்தை இவன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்கு அருகில் உள்ள திடலுக்கே மாற்றிவிட்டார்கள். தண்ணீர்ப் புட்டிகளுக்குக் காவல் பாப்பா. அவளை முன்னிட்டு அங்கே யாரும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்பது விதி.

இதை எழுதும்போது நம் செம்பவாங் கடற்படைத் தளத்துத் திடல்தான் கண்முன் நிற்கிறது. 1971-இல் ஆங்கிலேயர் தளத்தைக் காலி செய்துகொண்டு போனபோது உன் அப்பாவுக்கு வேலை போயிற்று. உன் அம்மா அதற்கு முந்தைய ஆண்டுதான் தவறியிருந்தார். 15 வயதில் நீ உன் கடைசித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கோல் கம்பத்தின் ஓரத்தில் நின்று எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பாய். நாங்கள் உனக்காக ஆட்டத்தை எங்கும் மாற்றவில்லை. வருகிறாயா என்று கேட்பதையும் நாளடைவில் நிறுத்திவிட்டோம். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இதை உன்னிடம் சொல்கிறேன்.

ஜனவரியில் பாப்பா தொடக்கநிலை ஒன்றில் சேருகிறாள். அதே மாதம் அவனுக்கு இராணுவத்தில் கட்டாயத் தேசிய சேவை தொடங்குகிறது; இரண்டு ஆண்டு. முதலில் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி, அதிலும் தொடக்கத்தில் இரண்டு வாரம் போல வீட்டுக்கு விடமாட்டார்கள். இந்த முறை நான் காத்திருக்கவில்லை. நானே போய், வார நாட்களில் பாப்பா எங்கள் வீட்டில் இருக்கட்டும், காலையில் பள்ளிக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன், சனி ஞாயிறு அவனும் அவளும் அம்மாவோடு இருக்கட்டும் என்று சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தைக்குப் பின்னல் போடத் தெரியும்தானே?" என்று கேட்டான். பிறகு, நான்கு பக்கத்துக்கு எழுதிய ஒரு தாளை என் கையில் கொடுத்தான். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், இடி இடித்தால் என்ன சொல்ல வேண்டும், பாகற்காயை எதனுள் மறைத்துக் கொடுக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

எனக்காக நீ ஒன்று செய்ய வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் அவனுக்கு ஒரு கடிதம் எழுது. பாராட்டி எழுத வேண்டாம். அது அவனுக்கு வேண்டிய மட்டும் கிடைக்கிறது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றபோது உனக்குக் கோபம் வந்ததா, வந்திருந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைத்தாய், தம்பி வளர்ந்து உன்னைவிட்டு வேலைக்குப் போன நாளில் உனக்கு என்னவாயிற்று என்பதையெல்லாம் எழுது. என்னிடம் நீ சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவனும் என்னிடம் கேட்கமாட்டான்.

அவன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நூலகத்திலிருந்து படக்கதைகளை எடுத்து வந்து பாப்பாவுக்குப் படித்துக் காட்டிக் காட்டி இப்போதுதான் கொஞ்சம் வேகம் வந்திருக்கிறது. ஆகவே பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுது. அவன் படிக்கும்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் பார்ப்பாள். முகவரியைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்