மீன் குஞ்சுக்கும் ஒரு நீல அட்டை வேண்டும்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சான்று பெற்ற நெல் விதை மூட்டை வாங்கினால் அதில் நீல நிற அட்டை தைத்திருக்கும். ரகம், குவியல் எண் எல்லாம் அதில் இருக்கும். அதே வயலோரத்தில் வெட்டிய பண்ணைக் குட்டைக்குக் கட்லா, ரோகு என்ற கெண்டைக் குஞ்சு வாங்கினால் கைக்கு வருவது ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையும், எண்ணிக்கையும் விலையும் போட்ட ரசீதும்தான். தாய் மீன் எங்கிருந்து வந்தது, எத்தனை ஜோடி, எத்தனை தலைமுறையாக அதே பண்ணைக்குள் சுற்றுகிறது என்று கேட்டால் பல பொரிப்பகத்துக்காரர்களுக்கே பதில் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

இந்த நிலை வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. ஒரு காலத்தில் கெண்டைக் குஞ்சுகளை மழைக்காலத்தில் ஆற்றில் வலை கட்டித்தான் பிடித்தார்கள். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி குழுவினர் மீனின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாக நீங்களும் கொண்டாடுகிறீர்கள். நாடே பயன்பெற்ற சாதனை, சந்தேகமில்லை. ஆனால் வருடா வருடம் ஆற்றிலிருந்து வந்துகொண்டிருந்த புது ரத்தம் அதன் பிறகு நின்றுபோனது. பொரிப்பகம் தன் தாய் மீன்களைத் தானே வளர்த்துக்கொள்ள ஆரம்பித்தது.

அப்புறம் கணக்கு வேலை செய்தது. கெண்டை ஒரு கிலோ உடல் எடைக்கு லட்சம் முட்டைக்கு மேல் இடும். பத்துப் பதினைந்து பெண் மீன் போதும், ஒரு வட்டாரத்துக்கே குஞ்சு கொடுக்கலாம். நான்கே மீன்களை, இரண்டு ஆண் இரண்டு பெண், அடுத்த தலைமுறைக்கு வைத்தால் உறவுக்குள் கலப்பு, அதாவது குஞ்சுகளை நலிய வைக்கும் நெருங்கிய சொந்தத்துக் கூடல், ஒரே தலைமுறையில் 12.5 சதவீதம் ஏறும். ஐம்பது ஆணும் ஐம்பது பெண்ணும் சமமாகப் பங்கு கொண்டால் அது அரை சதவீதம்தான். அம்பேகர் எக்நாத்தும் ராஜர் டாயிலும் கர்நாடகக் கெண்டைப் பொரிப்பகங்களை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்ட கட்டுரையில், அங்கே தலைமுறைக்கு 2 முதல் 17 சதவீதம் வரை இப்படி ஏறுவதாக மதிப்பிட்டார்கள். பெரிய மீன் சந்தைக்குப் போய்விட, விற்காமல் தங்கியது தாய் மீனாகிறது என்ற பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே தொட்டியில் கட்லாவையும் ரோகுவையும் சேர்த்து முட்டையிட விடுவதால் பிறக்கும் கலப்புக் குஞ்சு தனி வம்பு. அது வளர்ந்து தாய் மீனாகவும் ஆகிவிடுகிறது.

சரியாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம், புவனேஸ்வரே போதும். அங்கிருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992-ல் நார்வேக்காரர்களுடன் சேர்ந்து ரோகுவில் தேர்வு இனப்பெருக்கம், அதாவது நன்றாக வளர்வதையே பொறுக்கித் தாய் மீனாக்கும் வேலை, தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லெஜ் என ஐந்து ஆற்று மீன்களோடு தங்கள் பண்ணை மீனையும் சேர்த்து, குடும்பம் குடும்பமாகப் பிரித்து, அடையாளமிட்டு வளர்த்தார்கள். 1997-ல், சுதந்திரப் பொன்விழா ஆண்டில், 'ஜெயந்தி' ரோகு வெளிவந்தது. வளர்ச்சி தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் அளவுக்குக் கூடியது. நார்வே சால்மனும் இப்படித்தான் தொடங்கியது, 1970-களில் சுமார் 40 ஆறுகளிலிருந்து மீன் திரட்டி.

அந்தச் சால்மனில் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஐ.பி.என். என்ற வைரஸ் நோயைத் தாங்கும் திறனில் பெரும் பங்கு ஒரே மரபணு இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, அந்தக் குறியை வைத்தே தாய் மீன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய்த் தாக்குதல் நன்றாகக் குறைந்தது. கூட்டத்துக்குள் அந்த வேறுபாடு உயிரோடு இருந்ததால்தான் தேடிப் பிடிக்க முடிந்தது. ரோகுவின் முழு மரபணுத் தொகுதியும் இன்று படிக்கப்பட்டுவிட்டது. நாளை வெப்பத்தைத் தாங்கும் ரோகு, ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் பிழைக்கும் கட்லா என்று தேட நல்ல கருவிகள் வரும். நம் பொரிப்பகத்து மீன்கள் எல்லாம் அண்ணன் தம்பிகளாக இருந்தால் எந்தக் கருவியும் எதைத் தேடும்?

ஜெயந்தியைக் கொண்டுவந்து விட்டால் தீர்ந்தது என்றும் சொல்லமாட்டேன். ஓர் இடத்துக் குளத்தில் முதலிடம் வரும் குடும்பம் வேறு தண்ணீரில் பின்தங்கலாம். ராமநாதபுரத்துக் கண்மாயில் தண்ணீர் சில மாதம்தான் நிற்கும். வற்ற வற்றச் சூடேறும், கலங்கும், சில இடங்களில் உப்பும் ஏறும். மேட்டூர் அணை வேறு உலகம். இரண்டுக்கும் ஒரே குஞ்சைக் கொடுத்துவிட்டு விளைச்சலை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். மானியத்தில் வழங்கும் ஒவ்வொரு பை குஞ்சுக்கும் ஓர் அட்டை கொடுங்கள். தாய் மீன்களின் மூலம், ஆண் பெண் எண்ணிக்கை, கடைசியாகப் புது மீன் சேர்த்த ஆண்டு ஆகியவை அதில் இருக்கட்டும். முதலில் அரசு மீன் பண்ணைகளில் தொடங்குங்கள், தனியார் பின்னால் வருவார்கள். பண்ணைகள் தங்களுக்குள் ஆண் மீன்களை மாற்றிக்கொள்ள ஒரு சுழற்சி முறை வையுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை, ஒரு லாரியும் பதிவேடும் போதும். புவனேஸ்வரத்திலிருந்து வரும் மேம்பட்ட இனங்களைக் கண்மாய், பண்ணைக் குட்டை, நீர்த்தேக்கம் மூன்றிலும் தனித்தனியாக வளர்த்துப் பார்த்து, முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள். மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது, ஆய்வு மாணவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கட்லாவும் ரோகுவும் காவிரிக்கு வெளியிலிருந்து வந்தவை. காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டையின் விந்தணுக்களைப் பல இடங்களிலிருந்து சேகரித்து உறைய வைத்துப் பாதுகாக்கும் வேலையை, லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபு வளங்கள் நிறுவனத்தோடு பேசி, சீக்கிரம் தொடங்குங்கள்.

அடுத்த ஜூலை 10 விழாவில் பொன்னாடைகளோடு முதல் அட்டையையும் மேடையில் கொடுத்தால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவேன்.

இப்படிக்கு,
தஞ்சைப் பக்கம் ஒரு பண்ணைக் குட்டைக்காரன்