மூன்று கோப்பை வந்தது, டிராக் போகிறது: 2018 பருவத்துக்கான செயலாளர் அறிக்கை

காமெட்ஸ் ரசிகர் சங்கத்தின் அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூட்டங்கள், சந்தா, வரவு செலவு என்றுதான் ஆண்டறிக்கை வழக்கமாகத் தொடங்கும். இந்த வருடம் அதையெல்லாம் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முதலில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: வடமேற்கு இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் உள்ள நம் ஊரின் ஸ்பீட்வே (மண் டிராக்கில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) அணி வொர்க்கிங்டன் காமெட்ஸ் லீக் பட்டத்தை வென்றுவிட்டது. 1970இல் பிரிட்டிஷ் லீகின் இரண்டாம் பிரிவில் ஓடத் தொடங்கிய அணி, நடுவில் பல வருடங்கள் மூடிக்கிடந்து 1999இல் திரும்பி வந்த அணி, இதுவரை ஒரு முறைகூட லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. இந்த வருடம் லீகோடு சேர்த்து நாக்அவுட் கோப்பையும் சாம்பியன்ஷிப் ஷீல்டும் வந்தன. ஒரே பருவத்தில் மூன்று.

இதைக் கொண்டாடி முடிப்பதற்குள் 2019இல் காமெட்ஸ் ஓடப்போவதில்லை என்ற செய்தியும் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் இது கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் சேர்ந்தவர்கள் பலர் ஸ்பீட்வே விதிகளைப் பற்றிக் கேட்டபடி இருந்தார்கள், அவர்களுக்காக நாலு வரி. ஒரு மேட்சுக்கு 15 ஹீட், அதாவது 15 குட்டிப் பந்தயம். ஒவ்வொரு ஹீட்டிலும் நான்கு பேர், அணிக்கு இரண்டு பேர், நான்கு சுற்று. முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. 500 சிசி வண்டி, எரிபொருள் மெத்தனால், ஒரே கியர், பிரேக் கிடையாது. இடப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும், அதையும் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் திரும்ப முடியும். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய டேப் மேலே போனதும் முதல் வளைவுக்கு யார் முந்துகிறார்கள் என்பதில் பாதி ஹீட் முடிந்துவிடும், ஆனால் மீதிப் பாதிக்காகத்தான் நாம் மழையிலும் போய் நிற்கிறோம். ஒரு அணியின் இரண்டு பேரும் முதல் இரண்டு இடத்தில் வந்தால் 5-1. நம் சொந்த டிராக்கான டெர்வென்ட் பார்க்கில் காமெட்ஸ் 5-1 எடுக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

நாம் ஓடுவது சாம்பியன்ஷிப்பில், அதாவது பிரீமியர்ஷிப்புக்குக் கீழே உள்ள இரண்டாம் அடுக்கில். இரண்டாம் அடுக்கு என்றதும் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஒரே ஓட்டுநர் இரண்டு அடுக்குகளிலும் அடுக்குக்கொரு அணிக்கு ஓட விதி இடம் கொடுக்கிறது, ஆகவே மேலே பார்க்கும் முகங்களில் பாதியை இங்கேயும் பார்க்கலாம். பெர்விக், ரெட்கார், ஸ்கன்தார்ப், வொர்க்கிங்டன் மாதிரி ஊர்களில் இந்த விளையாட்டு உயிரோடு இருப்பதற்கு இந்த அடுக்குதான் காரணம். 2000களின் தொடக்கத்தில் கார்ல் ஸ்டோன்ஹியூவர் நம் அணிக்கு ஓடிக்கொண்டே உலக சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் கிராண்ட் பிரீ தொடரிலும் ஓடினார், அப்போதும் நாம் இரண்டாம் அடுக்குதான்.

இந்தப் பருவத்தின் மிக மோசமான இரவு ஜூன் மாதம் கிளாஸ்கோவில் வந்தது. நம் ஓட்டுநர் டான் பியூலி அங்கே விழுந்து பலத்த காயப்பட்டு, அத்தோடு அவருடைய பருவமே முடிந்துபோனது. நம் கம்ப்ரியா பையன், இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை, பிரீமியர்ஷிப்பில் மான்செஸ்டரின் பெல் வூ அணிக்கும் ஓடிக்கொண்டிருந்தவர். இவ்வளவு இயல்பாக வண்டியை வளைவில் விடும் ஒருவரை இந்த அடுக்கில் நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் தேறி வருகிறார் என்பதுதான் இந்த அறிக்கையில் எனக்கு மிகப் பிடித்த வரி. அவர் திரும்பி ஓடும் முதல் நாள் எந்த டிராக்கில் வந்தாலும் நம்மவர்கள் அங்கே இருக்க வேண்டும் என்று குழுவின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

பியூலி மாதிரி ஒருவரை இழந்த அணி அங்கேயே சரிந்திருக்கலாம். அணியில் ஏழு பேர்தான், ஒவ்வொருவருடைய ஆவரேஜையும் (மேட்சுக்கு எடுக்கும் சராசரிப் புள்ளி) கூட்டி உச்சவரம்புக்குள் அடக்கித்தான் அணியையே கட்டுகிறார்கள், அதனால் பெரிய ஆள் ஒருவர் போனால் நினைத்தபடி இன்னொரு பெரிய ஆளைக் கொண்டுவந்துவிட முடியாது. அப்படியும் டென்மார்க்கின் ராஸ்மஸ் யென்சன், ஆஸ்திரேலியாவின் டை ப்ராக்டர் போன்றவர்கள் தோள் கொடுக்க, அணி அக்டோபர் வரை தளரவில்லை. கீழ்வரிசை ஓட்டுநர்கள் எடுத்த ஒற்றைப் புள்ளிகளையும் மறக்காதீர்கள். மூன்றாம் இடத்துக்காகக் கடைசி வளைவுவரை போராடி எடுக்கும் அந்த ஒரு புள்ளியில் எத்தனையோ மேட்ச் திரும்பியிருக்கிறது.

லீக் இறுதியில் நம்மிடம் தோற்ற லேக்சைட் ஹாமர்ஸைப் பற்றியும் எழுத வேண்டும். 1984 முதல் அவர்களுடைய வீடாக இருந்த ஆரீனா எசெக்ஸ் டிராக் இந்த செப்டம்பரில் மூடப்பட்டது. மீதி ஹோம் மேட்சுகளை ரை ஹவுஸ் டிராக்கை இரவல் வாங்கித்தான் ஓட்டினார்கள். அப்படியென்றால் லீக் இறுதியில் மோதிய இரண்டு அணிகளில் ஒன்று ஏற்கெனவே டிராக்கை இழந்தது, மற்றது இழக்கப்போவது. கவன்ட்ரியின் பிராண்டன் டிராக்கில் 2016க்குப் பிறகு பந்தயமே இல்லை. ஜெயித்தால் டிராக் பிழைத்துவிடும் என்ற எண்ணம் நம்மில் யாருக்காவது இருந்தால், இந்தப் பருவத்தோடு அதை விட்டுவிடுவது நல்லது.

நம் விஷயம் இதுதான். டெர்வென்ட் பார்க் வொர்க்கிங்டன் டவுன் ரக்பி லீக் அணியின் மைதானமும்கூட, ஆடுகளத்தைச் சுற்றித்தான் நம் டிராக் ஓடுகிறது. 2021 ரக்பி லீக் உலகக் கோப்பையை மனத்தில் வைத்து ஊரில் புதிய ஸ்டேடியம் கட்டத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் ஸ்பீட்வே டிராக்குக்கு இடமில்லை. ரக்பிக்காரர்கள் மேல் நமக்கு ஒரு கோபமும் கிடையாது, நம் உறுப்பினர்களில் பலர் இரண்டுக்குமே போகிறவர்கள். நல்ல மைதானம் அவர்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் 2006 வரை உலகத்துக்கெல்லாம் தண்டவாளம் செய்து அனுப்பிய ஊர் இது, அந்த ஆலையும் போன பிறகு வெளியூர்க்காரர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த இடங்களில் டெர்வென்ட் பார்க்கும் ஒன்று. கிளாஸ்கோவுக்கோ நியூகாசிலுக்கோ போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இங்கே டிராக் போனால் பக்கத்து டிராக் என்று ஒன்றும் இல்லை. பதினைந்து வயதுப் பையன் வாரக்கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பழக இடமில்லாவிட்டால் அடுத்த பியூலி எங்கிருந்து வருவார்? இதைப் பலமுறை எழுதிக் கேட்டோம், நேரில் போயும் பேசினோம். மரியாதையான பதில்கள் வந்தன, டிராக் வரவில்லை.

சங்க வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியூர் மேட்சுகளுக்குப் பேருந்து ஏற்பாடு நடந்தது, பருவக் கடைசியில் இடம் போதாமல் சொந்தக் கார்களில் ஆளேற்றிப் போன எல்லோருக்கும் நன்றி. காயமடைந்த ஓட்டுநர்களின் நலநிதிக்கு வாளி ஏந்தி வசூல் செய்ததில் மக்கள் தாராளமாகவே போட்டார்கள். பொருளாளர் கணக்கைத் தனியாகத் தருவார். மழையால் மேட்ச் நின்ற இரவுகளிலும் கடைசிவரை இருந்து டிராக்கைச் சீர்செய்த தொண்டர்களுக்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது, ஆனாலும் அது இங்கே பதிவாக வேண்டும்.

அப்புறம் பொதுக்கூட்டத்துக்குக் குழு வைக்கும் முன்மொழிவுகள். சங்கத்தைக் கலைக்கக் கூடாது. அணி ஓடாத வருடம் என்பதால் 2019க்குச் சந்தா வேண்டாம். கையிருப்பைச் செலவழிக்காமல், இந்த வட்டாரத்தில் எங்காவது புதிய டிராக்குக்கு இடம் கிடைத்தால் அதற்கென்று ஒதுக்கி வைக்கலாம். கோடையில் மாதம் ஒரு முறையாவது பெர்விக், கிளாஸ்கோ, எடின்பரோ, நியூகாசில் என்று ஏதாவது ஒரு இடத்துக்குக் காமெட்ஸ் சட்டையோடு சேர்ந்து போகலாம், டிராக் இல்லாவிட்டாலும் ஆட்கள் இருக்கிறோம் என்பது லீகை நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். என் பதவிக்காலம் முடிகிறது. இன்னொரு வருடம் தொடரத் தயார், வேறு யாராவது முன்வந்தாலும் மகிழ்ச்சியாக ஒப்படைக்கிறேன்.

கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் இந்த முன்மொழிவுகளுக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

செயலாளர்